கடலை வற்ற வைத்தேன்

கடலை நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். கல்யாணமான மறு மாதம் கொழும்புக்குப் போனபோது, ஒரு மாலை நேரம், அரை மணித்தியாலம். அப்போதும் கடைசி பஸ் போய்விடுமோ என்று வீதியையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலை வந்து காலைத் தொட்டது, செருப்பு ஈரமான பிறகுதான் தெரிந்தது. அப்படிப்பட்ட நான் இந்த வருடம் ஹட்டனில் இருபது பேருக்கு முன்னால் கடல் கவிதைகளைப் பற்றிப் பேசினேன். அதில் பெரிய பிழை ஒன்று விட்டேன். கேட்டுக்கொண்டிருந்த இருபது பேரில் ஒருவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் டிக்கோயாவுக்கு அப்பால், பஸ்ஸில் இறங்கி இருபது நிமிடம் மேலே நடக்கும் தூரத்தில் இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் எனக்கு வேலை. காலையில் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைப்பிள்ளைகளையும் நடை பழகிய பிள்ளைகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பால் கரைப்பது, சத்துமா ஊட்டுவது, தொட்டில் ஆட்டுவது, எடை பார்த்து எழுதுவது என்று என் கடமைகள் ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள், ஆனால் நாள் முழுவதும் நான் செய்வது தலைகளை எண்ணுவதுதான். பதினேழு. வாசல் வரை போய்த் திரும்பினால் மறுபடியும் எண்ணிப் பதினேழு. வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகாது. எண்ணுவதற்கு ஒரே ஒரு தலை இருக்கும்போது கூப்பிட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் என் மகள் ஒரு சனிக்கிழமை மாலை வந்து நின்று, "அம்மா, இன்னைக்கு நீங்க என்னய முப்பத்தியொரு தடவ கூப்பிட்டீங்க" என்றாள்.

"முப்பத்திரெண்டாவது வரப் போவுது, ஓடிரு" என்றார் கணவர்.

நான் சிரிக்கவில்லை. முப்பத்தியொன்று அதிகமா, குறைவா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஹட்டனில் ஒரு புத்தகக் கடை இருக்கிறது. முன்பக்கம் கொப்பி, பேனா, பிரிஸ்டல் போர்ட் அட்டை. உள்ளே போனால் ஒரு தட்டு நிறையக் கவிதையும் கதையும். கடைக்காரர் கிழக்குக் கரை முஸ்லிம். கல்யாணம் முடித்து ஹட்டனுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் எல்லோரும் அவரை, அண்ணன் என்ற முறையில், நானா என்றே கூப்பிடுவோம். பௌர்ணமி விடுமுறையான போயா நாள்களில் அந்தக் கடையின் மேல்மாடியில் வாசகர் வட்டம் கூடும். விற்காத புத்தகங்களை நானா எங்களுக்கு இரவல் தருவார். அட்டையை மடித்துக் கொண்டுவந்தால் மட்டும் முகம் மாறும்.

கடல் கவிதைகள் எனக்குப் பழக்கமானது அந்தத் தட்டில்தான். கிழக்குக் கரையிலிருந்து ஊர்க்காரர்கள் தங்கள் தொகுப்புகளைப் பத்துப் பத்துப் பிரதிகளாக நானாவுக்கு அனுப்பிவிடுவார்கள். ஹட்டனில் யார் வாங்கப் போகிறார்கள்?

"தங்கச்சி, இதக் கொண்டு போங்க. எங்க ஊர்ப் பக்கத்து ஆள் எழுதினது. திறக்கக்குள்ள கவனம், உப்புக் காத்து அடிக்கும்" என்று ஒன்றை நீட்டுவார்.

படித்தவற்றில் எனக்குப் பிடித்ததை ஒரு கொப்பியில் எழுதி, அதை எழுதியவரைப் பற்றித் தெரிந்ததையும் கீழே குறித்துக்கொள்வேன். மகள் மதியம் தூங்கும் வயதில் தொடங்கிய பழக்கம். கொப்பி நிறைய நிறைய எனக்குச் சில விடயங்கள் தெரிய ஆரம்பித்தன. வடக்குக் கரையில் மீன்பிடிக்கும் ஒரு கவிஞரின் தொகுப்பு முழுவதிலும் நீலம் என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை. அவருடைய கடல் சாம்பல் நிறம், சில நாள் கறுப்பு, ஒரு கவிதையில் பழுத்த வாழையிலையின் நிறம். கொழும்பில் வங்கியில் வேலை பார்க்கும் இன்னொருவர் பக்கத்துக்குப் பக்கம் நீலம் என்று எழுதியிருந்தார். அவர் கடலைக் காதலிக்கிறாராம். எனக்கு அவர் மேல் கொஞ்சம் சந்தேகம். ஆனால் அரை மணித்தியாலம் மட்டும் கடலைப் பார்த்த நான் யார் சந்தேகப்பட என்று அந்தக் குறிப்பை அடித்துவிட்டேன்.

எங்கள் மலையகக் கவிஞர்களும் கடலை எழுதியிருக்கிறார்கள். அவர்களுடைய கடலில் மீன் இல்லை, வலை இல்லை, காற்றுக்குப் பெயர் இல்லை. இந்தியாவிலிருந்து வரும் ஒரு கப்பல், அதில் மூட்டை முடிச்சோடு குந்தியிருக்கும் ஆள்கள், வாந்தி எடுக்கும் பெண்கள், பிறகு கரை, பிறகு நடை. கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் போல. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏதோ பெரிய ஆராய்ச்சி செய்தது போன்ற சந்தோசம். கணவரிடம் சொன்னேன்.

"நம்ம ஆளுங்களுக்குக் கடல்ல என்ன வேல? இறங்குனமா, மலையேறுனமான்னு இருந்தோம்" என்றார். அவர் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் பகுதியில் வேலை செய்கிறார். கவிதை படிக்க மாட்டார். ஆனால் நான் சொன்னால் கேட்பார்.

கொப்பியில் எனக்கு மிகவும் நெருக்கமான கவிதை கிழக்குக் கரைப் பெண் ஒருவர் எழுதியது. தலைப்பு இல்லை, ஒரு நட்சத்திரக் குறி மட்டும். சின்னக் கவிதை. ஒரு காலையில் தண்ணீர் பின்னுக்குப் போகிறது. அதுவரை யாரும் பார்க்காத தரை தெரிகிறது. பிள்ளைகள் அதில் இறங்கி ஓடுகிறார்கள். வாசற்படியில் நின்று ஒரு தாய் கூப்பிடுகிறாள். அவ்வளவுதான். பிள்ளைகள் வந்தார்களா என்று சொல்லாமலே முடிந்துவிடுகிறது.

நான் அதை முதலில் படித்தபோது சிரித்துவிட்டேன். யாரோ என்னை எங்கோ நின்று பார்த்து எழுதியது போல இருந்தது.

எங்கள் தோட்டத்துக்குக் கீழே நீர்த்தேக்கம். டேம் என்றே எல்லோரும் சொல்வோம். அதைக் கட்டியபோது கீழே இருந்த தேயிலையும் பாதையும் பழைய கோயிலும் தண்ணீருக்குள் போய்விட்டன. மாசியிலோ பங்குனியிலோ மழை நன்றாகப் பின்வாங்கிய வருடங்களில் தண்ணீர் இறங்கி இறங்கி, முதலில் பழைய பாதை தெரியும், பிறகு கோயில். அப்போது தேங்காய், பழம், கற்பூரத்தோடு ஆள்கள் இறங்கிப் போவார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் ஓடுவார்கள். வெடித்த சேறு பாளம் பாளமாகக் காலுக்கடியில் ஆடும்.

என் மகளை நான் ஒருமுறையும் அனுப்பியதில்லை. சேற்றில் கால் புதைந்தால்? கண்ணாடி கிடந்தால்? இந்தக் கவிதையைப் படித்த வருடம், அதாவது போன வருடம், தண்ணீர் வற்றியபோது, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி, போ" என்று சொல்லிவிட்டேன். அவள் இறங்கி ஓடினாள். நான் மேலே தேயிலை ஓரத்தில் நின்று, கூப்பிடுவதற்காக வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன். முழங்கால் வரை சேற்றோடு திரும்பி வந்தவள், "இன்னைக்கு நீங்க கூப்பிடவே இல்லயேம்மா" என்றாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

வாசகர் வட்டத்தில் என் முறை வந்தபோது இதைத்தான் பேசினேன். வடக்குக் கவிஞரின் சாம்பல் நிறம், எங்கள் ஆள்களின் கப்பல் எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக அந்தக் கவிதைக்கு வந்தேன். கடல் வற்றிய ஒரு கோடையைக் கவிஞர் காட்டுகிறார், தண்ணீர் இறங்கியதும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், தாய்தான் தேவையில்லாமல் பயந்து கூப்பிடுகிறாள், பிள்ளைகளை விடு என்று இந்தக் கவிதை என்னைப் போன்ற தாய்மார்களுக்குச் சொல்கிறது என்று விளக்கினேன். என் மகள் சேற்றில் ஓடியதையும் சொன்னேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு ஆசிரியர், "நாங்க சின்னப் புள்ளையா இருக்கும்போது அந்தக் கோயில் மணிக்கூண்டு வரைக்கும் போயிருக்கோம் டீச்சர்" என்று தொடங்கினார். வைத்தியசாலையில் தாதியாக இருக்கும் பெண், "எங்க பக்கம் வத்தினா கோயில் இல்ல, பழைய பாலந்தான் வரும்" என்றார். பிறகு பேச்சு முழுவதும் தண்ணீர் வற்றிய வருடங்களைப் பற்றியே ஓடியது. இருபது பேரும் மலையில் பிறந்தவர்கள். தண்ணீர் என்றால் மழைக்கு ஏறும், வெயிலுக்கு இறங்கும். கடலும் அப்படித்தானே இருக்க வேண்டும்? நானா மட்டும் அன்று மேலே வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடம் தொடங்குவதால் கீழே கடையில் கொப்பி வாங்கச் சனம் நிறைந்திருந்தது.

பேசி முடித்த பிறகும் எனக்கு ஒரு குறை. ஒருவருடைய கவிதையைப் பற்றிப் பேசிவிட்டு அவருக்குச் சொல்லாமல் இருப்பது மரியாதையா? நானாவிடம் கவிஞரின் நம்பர் வாங்கி, பேசிய பிரதியைப் படம் பிடித்து, நாலு பக்கத்தையும் வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அக்கா, உங்கள் கவிதை என் பயத்தைப் போக்கியது. நன்றி" என்று கீழே எழுதினேன்.

நாங்கள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் வராது. மேலே தண்ணீர்த் தொட்டி வளைவுக்குப் போக வேண்டும். மறுநாள் போய்ப் பார்த்தேன், படித்ததற்கான இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது. பதில் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. என் எழுத்து நன்றாக இல்லையோ, மரியாதை குறைவாக எழுதிவிட்டேனோ, அக்கா என்று எழுதியிருக்கக் கூடாதோ என்று ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படித்தேன்.

நாலாவது நாள், மகளுக்குப் பிரிஸ்டல் போர்ட் வாங்க நானாவின் கடைக்குப் போனேன். வட்டத்தின் கோப்பில் வைப்பதற்கு நான் கொடுத்த பிரதி அவருடைய மேசையில் கிடந்தது.

"தங்கச்சி, கொஞ்சம் இரிங்க" என்றார். இருந்தேன்.

"நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்டு மட்டும். கடல் வத்தாது."

"வத்தாதா நானா?"

"மழை இல்லாட்டியும் வத்தாது. வெயில் எவ்வளவு அடிச்சாலும் அது இருக்கிற இடத்திலதான் இருக்கும்."

"அப்ப கவிதையில தண்ணி பின்னுக்குப் போகுதே?"

அவர் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த பென்சில் பெட்டிகளை எடுத்து நேராக அடுக்கினார். "அது ஒரு நாள் காலையில போனது. கொஞ்ச நேரத்தில திரும்பி வந்திட்டு" என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுனாமி வந்த வருடம் நானும் மூன்றாம் ஆண்டில்தான் படித்தேன். தொலைக்காட்சியில் காட்டியதைப் பெரியவர்களின் கால்களுக்கு இடையில் இருந்து பார்த்தேன். கடல் உள்ளே போனதும் மீன் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள் என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். தெரிந்தும், அந்தக் கவிதையைப் படித்தபோது என் கண்ணுக்கு முன்னால் வந்தது எங்கள் டேம்தான்.

அந்தப் பெண்ணுக்கு நான் என்ன எழுதி அனுப்பியிருக்கிறேன்? அந்தத் தாய் தேவையில்லாமல் பயப்படுகிறாள் என்று. பிள்ளைகளை விடு என்று. கொண்டாட்டம் என்று.

பிரிஸ்டல் போர்ட்டை வாங்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலக் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்தம்மா வீட்டுல யாரும் போயிட்டாங்களா?"

"தெரியல. நானாகிட்ட கேக்கப் பயமா இருந்திச்சு."

"அழிச்சிர முடியாதா?"

"படிச்சிட்டாங்களே."

"அப்ப மன்னிப்புக் கேளு. நீ வேணும்னு செய்யலயே."

சொல்வது சுலபம். தொட்டி வளைவில் நின்று எழுதி எழுதி அழித்தேன். நீளமாக எழுதினால் என் சமாதானத்துக்காக எழுதியது போல இருந்தது. சுருக்கமாக எழுதினால் அலட்சியமாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் வற்றும் என்று விளக்கினேன், அது சாக்குப் போல இருந்ததால் அழித்தேன். கடைசியில், "அக்கா, நான் மலையில் பிறந்தவள். உங்கள் கவிதையைப் பிழையாக விளங்கிக்கொண்டேன். உங்களை நோகடித்திருப்பேன். மன்னித்துவிடுங்கள். அடுத்த போயாவுக்கு எல்லோர் முன்னாலும் திருத்திச் சொல்வேன்" என்று எழுதி, அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டுப் போனை மடியில் செருகிக்கொண்டு கீழே இறங்கினேன். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அந்த இரண்டு நாளும் பிள்ளைக்காம்பராவில் ஒரு பிள்ளை வாசற்படியைத் தாண்டினாலும் என் குரல் தொழிற்சாலை வரை கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகளையும் கூட்டிக்கொண்டு வளைவுக்குப் போனேன். குரல் பதிவு ஒன்று வந்திருந்தது. ஆறு நிமிடம். தொட்டிச் சுவரில் உட்கார்ந்து கேட்டேன்.

"தங்கச்சி, நீங்க அனுப்பினத நான் மூண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் கோவம் வந்தது, பொய் சொல்லக் கூடா. அதுதான் பதில் போடல்ல. ரெண்டாந்தரம் உங்கட கோயிலைப் பத்தி வாசிச்சன். மூண்டாந்தரம் எங்கட அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன்."

அம்மா இருக்கிறார். அந்த ஒரு சொல்லில் எனக்கு மூச்சு வந்தது.

"அந்தக் கவிதையில ஓடுற புள்ளையளில நானும் ஒராள். பன்ரெண்டு வயசு. அம்மா வாசல்ல நிண்டு கூப்பிட்டவ. எனக்கு வர விருப்பமில்ல. கடல் அப்பிடிக் கிடக்குது, ஆர் வருவா? ஆனா அவ விடமாட்டா, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே நிப்பா. மத்தப் புள்ளையள் சிரிக்குதுகள். வெக்கத்தில வந்திட்டன். வந்து கை கூடக் கழுவ இல்ல, சத்தம் கேட்டது. அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு பின்னால மாடி வீட்டுக்கு ஓடினவ. என்னோட நிண்டதுகளில ரெண்டு பேர் வரல்ல. அத எழுத எனக்கு ஏலாது. அதான் அம்மா கூப்பிடுறதோட கவிதைய நிப்பாட்டினன்."

பதிவில் காற்றின் சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு.

"நீங்க எழுதியிருக்கீங்க, அந்தத் தாய் பயத்தில கூப்பிடுறா எண்டு. அம்மாட்ட அத வாசிச்சதும் அவ என்ன சொன்னவ தெரியுமா? 'நான் ஏன் புள்ள பயப்பிட? எனக்கென்ன கடல் வருமெண்டு தெரியுமா? புட்டு ஆறுது எண்டெல்லோ கூப்பிட்டன்' எண்டவ. இவ்வளவு வருசமா எனக்கும் அது தெரியாது, தங்கச்சி. அவவுக்கு என்னவோ விளங்கித்தான் கூப்பிட்டவ எண்டு நானும் நினைச்சுக்கொண்டிருந்தன். உங்கட பிழையாலதான் கேட்டன்."

அதற்குப் பிறகு ஒரு கேள்வி: "உங்கட தண்ணி எப்பிடிப் போறது? டக்கெண்டு போகுமா? போனது டக்கெண்டு வருமா?"

நான் பதில் பதிவு செய்யத் தொடங்கினேன். "இல்லக்கா, மெதுவாதான். ரெண்டு மாசம், மூணு மாசம்..." அதற்குள் மகள் போனுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "தெனம் ஒரு படிதான் எறங்கும் ஆன்ட்டி! நாங்க குச்சி நட்டு வச்சுப் பாப்போம்! திரும்பி வர்றதும் அப்பிடித்தான், மழ பேஞ்சாதான் வரும்!" என்று கத்தினாள். குச்சி நட்ட விடயம் எனக்கு அதுவரை தெரியாது. பதிவை அழித்து ஒழுங்காகத் திரும்பச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படியே அனுப்பிவிட்டேன்.

அவர் அப்போதே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் இறங்கும் முன்னே எழுத்தில் பதில் வந்தது: "மெதுவாப் போற தண்ணியா? அப்ப புள்ளைய விடுங்க."

அடுத்த போயாவில் அவருடைய சம்மதத்தோடு அந்தக் குரல் பதிவை மேல்மாடியில் போட்டுக் காட்டினேன். நானா கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்து, மாடிப்படிப் பக்கம் நின்று கேட்டார். நான் எழுதி வைத்திருந்த திருத்தத்தை வாசிக்கத் தேவையே வரவில்லை. கோயில் மணிக்கூண்டுக் கதை சொன்ன ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு தாதிதான், "தண்ணி வத்துற நேரம் அவங்கள இங்க வரச் சொல்லலாமே டீச்சர்? வந்து எறங்கி நடந்து பாக்கட்டும்" என்றார்.

"அவ கடலுக்குள்ளயே இப்ப கால் வைக்கிறல்ல" என்றார் நானா.

"அதுக்குத்தான் சொல்றேன்."

அதை அப்படியே அவருக்கு எழுதினேன். எழுதிய பிறகு வழக்கம்போல, கேட்டிருக்கக் கூடாதோ என்று ஒரு இரவு தூங்கவில்லை. வருகிறாராம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம். பங்குனியில் பஸ் எப்படி, குளிருக்கு என்ன கொண்டுவர வேண்டும், நீங்கள் புட்டுச் சாப்பிடுவீர்களா என்றெல்லாம் இப்போது வாரத்துக்கு ஒருமுறை கேள்வி வருகிறது. தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் கேட்கிறார்.

இந்த வருடம் மழை விட்ட பாடில்லை. நேற்றும் டேம் நிரம்பி வான்கதவைத் திறந்தார்கள். தண்ணீர் இன்னும் தேயிலை ஓரம் வரை நிற்கிறது, அவசரப்பட வேண்டாம் என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.